போலந்தின் பாலும் பல்கேரியாவின் டெண்டரும்

1997 டிசம்பரில் ஐரோப்பிய ஒன்றியம் போலந்தின் பால் பொருள்களுக்குக் கதவைச் சாத்தியது. காரணம் வரியும் இல்லை, அரசியலும் இல்லை. ஆலைகளின் சுகாதாரம் சரியில்லை, அதைக் கண்காணிக்கும் முறையும் சரியில்லை என்பதுதான் புகார். போலந்து அப்போது உறுப்பு நாடு கூட இல்லை. விண்ணப்பம் போட்டு மூன்றரை ஆண்டுக்கு மேல் ஆகியிருந்தது, பேச்சுவார்த்தை தொடங்க இன்னும் நான்கு மாதம் இருந்தது. மாப்பிள்ளை வீட்டார் பெண் பார்க்க வரும் நேரத்தில் அடுப்படியைத் திறந்து காட்டச் சொன்ன மாதிரி.

பின்தங்கிய நாடு முன்னேறிய நாட்டை எப்படி எட்டிப்பிடிக்கிறது என்று பேசும்போது பலரும் வர்த்தக ஒப்பந்தம், அந்நிய முதலீடு, நிதியுதவி என்று பெரிய சொற்களிலிருந்து தொடங்குவார்கள். பால் கேனிலிருந்து தொடங்கினால் விஷயம் சீக்கிரம் பிடிபடும்.

ஒன்றியத்தின் விதிப்படி பச்சைப் பசும்பாலில் ஒரு மில்லிலிட்டருக்கு நுண்ணுயிர் எண்ணிக்கை 1,00,000ஐத் தாண்டக் கூடாது. சோமாட்டிக் செல்கள், அதாவது பாலில் கலந்துவரும் மாட்டின் உடல் செல்கள், 4,00,000க்குள் இருக்க வேண்டும். முதல் எண் கறந்த பிறகு நடந்ததைச் சொல்கிறது: பாத்திரம் கழுவினார்களா, பாலை உடனே குளிர்வித்தார்களா. இரண்டாவது எண் மாட்டின் மடியைச் சொல்கிறது; மடிநோய் கண்ட மாட்டின் பாலில் அது எகிறும். கறந்த பாலைத் தினமும் எடுத்துப் போவதானால் 8 டிகிரிக்கும், ஒரு நாள் விட்டு எடுப்பதானால் 6 டிகிரிக்கும் உடனடியாகக் குளிர்விக்க வேண்டும். இரண்டு மாடு வைத்திருப்பவர் கேனைக் கிணற்றுத் தண்ணீரில் இறக்கி வைத்து இதைச் செய்ய முடியாது. பாலை மொத்தமாகக் குளிர்விக்கும் தொட்டியான பல்க் கூலர் வேண்டும், நின்று போகாத கரண்ட் வேண்டும், தொட்டி கழுவ நல்ல தண்ணீர் வேண்டும், வண்டி வர ரோடு வேண்டும்.

இதுவரை சொன்னதெல்லாம் காசு போட்டால் வாங்கக்கூடியவை. வாங்க முடியாதது அடுத்த படி. மாதிரி எடுப்பவர் ஆலையின் ஆளாகவும் இருக்கக் கூடாது, விவசாயியின் மச்சானாகவும் இருக்கக் கூடாது. மாதிரி ஆய்வகம் போய்ச் சேரும்வரை குளிர்ச்சி குறையக் கூடாது. ஆய்வக முடிவைப் பார்த்து ஆலை விலையை வெட்டும்போது, ‘நம்ம ஆளுதானே, இந்த மாதம் விட்டுவிடு’ என்று உள்ளூர்ப் பெரியவர் போன் போட்டால் அது எடுபடக் கூடாது. எண்கள் தொடர்ந்து எல்லைக்கு மேலே நின்றால் அந்தப் பாலை ஆலை எடுக்கவே கூடாது. இவை நான்கும் ஒரு மாவட்டத்தில் வருடம் முழுக்க நடந்தால் அதற்குப் பெயர்தான் நிறுவனத் தரம். தமிழில் நிறுவனம் என்றதும் கம்பெனி ஞாபகம் வந்துவிடுகிறது. இங்கே பொருள் வேறு: விதியும், அதை நடத்தும் அலுவலகமும், அந்த அலுவலகம் நாளைக்கும் இப்படித்தான் நடந்துகொள்ளும் என்ற நம்பிக்கையும்.

போலந்து இதைக் கட்டிய வரிசை கவனிக்கத்தக்கது. உறுப்பினர் ஆவதற்கு முன்பே விவசாயத்துக்கென ஒன்றியம் ‘சபார்ட்’ என்ற நிதியை 2000இல் தொடங்கியது. நிபந்தனை ஒன்றே ஒன்று: விண்ணப்ப நாடு தானே பணம் பட்டுவாடா செய்யும் முகமையை அமைக்க வேண்டும், அதன் கணக்கு முறையை ஒன்றியம் சோதித்து ஏற்க வேண்டும். அந்தச் சோதனை தேறிப் பணம் ஓடத் தொடங்க 2002 ஆகிவிட்டது. இரண்டு ஆண்டு வீண் என்று அப்போது திட்டாதவர் இல்லை. ஆனால் அந்த முகமைதான் பிறகு ஒவ்வொரு மாட்டுக்கும் இரண்டு காதுகளிலும் காதுவில்லை, ஒரு பாஸ்போர்ட், ஒவ்வொரு வயலுக்கும் வரைபட எண் என்று பதிவேட்டைக் கட்டியது. 2004இல் சேர்ந்த வருடமே சுமார் 14 லட்சம் விவசாயிகள் நேரடி மானியத்துக்கு மனுப் போட்டார்கள். அந்த மனுக்களை வாங்கிச் சரிபார்க்க ஓர் அலுவலகம் தயாராக இருந்தது.

இதற்கு விலையும் இருந்தது. தரம் எட்டாத ஆலைகளுக்குக் கொஞ்ச காலம் உள்நாட்டில் மட்டும் விற்க அனுமதி கிடைத்தது, பிறகு அதுவும் முடிந்தது. ஏராளமான சிறு மாட்டுக்காரர்கள் பால் ஊற்றுவதையே விட்டுவிட்டார்கள். அவர்களுக்கு இது எட்டிப்பிடித்தல் இல்லை, வெளியேற்றம். இன்று பால் உற்பத்தியில் ஒன்றியத்தின் முதல் ஐந்து நாடுகளுக்குள் போலந்து நிற்கிறது. இந்த இரண்டையும் சேர்த்தே கணக்கு எழுத வேண்டும்.

கணக்கு என்றதும் அளவுகோலுக்கு வருவோம். வாங்குதிறனைச் சரிசெய்தபின் ஒன்றியத்தின் சராசரித் தலா உற்பத்தியை 100 என்று வைத்தால், போலந்து 2004இல் பாதிக்குச் சற்று மேலே இருந்தது. இப்போது 80ஐ ஒட்டி வந்துவிட்டது. ‘எத்தனை புள்ளி ஏறியது’ என்று பார்ப்பதைவிட ‘இடைவெளி பாதியாக எத்தனை ஆண்டு’ என்று பார்ப்பது நல்லது. பொருளாதார நூல்களில் அடிபடும் வேகம், இடைவெளி ஆண்டுக்கு இரண்டு விழுக்காடு சுருங்குவது. அந்த வேகத்தில் இடைவெளி பாதியாகச் சுமார் 35 ஆண்டு ஆகும். போலந்தின் இடைவெளி ஏறக்குறைய 49இலிருந்து 20ஐ ஒட்டிச் சுருங்க இருபது ஆண்டுதான் எடுத்தது. அதாவது பாதியாகப் பதினைந்து, பதினாறு ஆண்டுதான். 2007இல் சேர்ந்த பல்கேரியா 40ஐச் சுற்றித் தொடங்கி 2023இல் 64ஐச் சுற்றி வந்தது. அதற்குப் பாதிக் காலம் 22 ஆண்டு. ருமேனியா 44ஐச் சுற்றித் தொடங்கி 80ஐ நெருங்கியது, போலந்தைவிட வேகம். கிரீஸ் 2009இல் 95ஐ ஒட்டி இருந்து 70க்கும் கீழே இறங்கியது. நான்கும் ஒரே சந்தைக்குள் இருக்கும் நாடுகள். வித்தியாசத்தைச் சந்தை மட்டும் விளக்காது.

சந்தைக்கு வெளியே நின்றால் என்ன ஆகும் என்பதற்குப் பக்கத்து நாடே சாட்சி. 1990இல் உக்ரைனின் தலா வருமானம் போலந்துக்கு இணையாகவோ சற்று மேலாகவோதான் இருந்தது. நல்ல கரிசல் மண், கனரக ஆலைகள், படித்த மக்கள் எல்லாம் இருந்தன. போலந்து 1990 ஜனவரி 1 அன்று விலைக் கட்டுப்பாட்டை ஒரேயடியாக அவிழ்த்தது. அந்த ஆண்டு பணவீக்கம் 500 விழுக்காட்டைத் தாண்டியது, பிறகு ஆண்டுக்கு ஆண்டு அடங்கியது. உக்ரைன் தள்ளிப் போட்டது, நோட்டு அடித்து ஆலைகளுக்குக் கடன் கொடுத்தது. 1993இல் அங்கே பணவீக்கம் 10,000 விழுக்காட்டைத் தாண்டியது. ஆனால் என் பார்வையில் பெரிய பிளவு அதற்குப் பின்னால் வருகிறது. 1993 ஜூனில் கோபன்ஹேகனில் ஒன்றியம் சேர்க்கைக்கான நிபந்தனைகளை எழுதிவைத்தது: சட்டத்தின் ஆட்சிக்கு உத்தரவாதம் தரும் நிலையான அமைப்புகள், ஓடுகிற சந்தைப் பொருளாதாரம், உறுப்பினர் கடமைகளைத் தாங்கும் திறன். அந்தத் தேர்வை எழுதப் போலந்துக்கு ஹால் டிக்கெட் கிடைத்தது, உக்ரைனுக்குக் கிடைக்கவில்லை. வார்சாவில் எந்தக் கட்சி ஆட்சிக்கு வந்தாலும் அடுத்த மந்திரிசபை அதே பாடத்திட்டத்தைத் தொடர வேண்டியிருந்தது. கீவில் அப்படி ஒரு பாடத்திட்டமே இல்லை. ஆலைகளையும் சுரங்கங்களையும் சிலர் கைப்பற்றினார்கள், கைப்பற்றியவர்களுக்கு விதி தெளிவாக இல்லாமல் இருப்பதே வசதியாக இருந்தது. போருக்கு முந்தைய 2021இலேயே போலந்துக்காரரின் வருமானம் உக்ரைனியருடையதைப்போல் இரண்டரை மடங்கைத் தாண்டிவிட்டது.

இங்கே ஒரு நேர்மையான ஆட்சேபம் உண்டு. ஜெர்மனி பக்கத்தில் இருந்ததால்தானே போலந்து பிழைத்தது? உண்மைதான். போலந்தின் ஏற்றுமதியில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் ஜெர்மனிக்குப் போகிறது. உக்ரைனின் தண்டவாளம் 1520 மில்லிமீட்டர் அகலம், போலந்தில் 1435. எல்லையில் சரக்கை மாற்ற வேண்டும், அல்லது பெட்டியின் சக்கரத் தொகுதியையே மாற்ற வேண்டும். தூரம் ஒரு செலவு. ஆனால் பல்கேரியாவின் சோபியாவும் கிரீஸின் ஏதென்ஸும் சந்தைக்குள் வந்த பிறகும் வேறு வேறு வழியில் போனதைத் தூரத்தால் விளக்க முடியாது. அதற்கு டெண்டர் பக்கம் போக வேண்டும்.

ஒன்றியத்தின் நிதி ஏழாண்டுக் கட்டுகளாக வரும். தலா உற்பத்தி சராசரியில் 75 விழுக்காட்டுக்குக் கீழே உள்ள பிராந்தியங்களுக்குப் பெரும் பங்கு. 2021-27 கட்டில் போலந்துக்கு மட்டும் சுமார் 7,600 கோடி யூரோ. கேட்க மழை மாதிரி இருக்கும். ஆனால் ஒரு சிறு நகராட்சி அதில் ஒரு குடம் பிடிப்பதற்குள் படும் பாடு தனி.

உதாரணத்துக்கு, 1 கோடி யூரோவில் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் என்று வைப்போம். அதிகபட்சம் 85 லட்சம் ஒன்றியம் தரும், 15 லட்சம் நகராட்சி போட வேண்டும். திரும்பப் பெற வழியுள்ள மதிப்புக் கூட்டு வரி இந்தக் கணக்கில் சேராது. முக்கியமான சங்கதி: பணம் பெரும்பாலும் முன்னால் வராது. நகராட்சி ஒப்பந்தக்காரருக்குப் பணம் கட்டி, பில்லை அனுப்பி, சரிபார்த்த பிறகு திரும்பப் பெற வேண்டும். இடைப்பட்ட மாதங்களுக்கு வங்கிக் கடன் வேண்டும். கணக்கு ஒழுங்காக இல்லாத நகராட்சிக்கு வங்கி கடன் தராது. அதனால்தான் ஏழை ஊருக்கென வந்த பணம் ஏழை ஊரைத் தாண்டி ஓடிவிடுகிறது.

அடுத்தது டெண்டர். சுமார் 55 லட்சம் யூரோவுக்கு மேற்பட்ட கட்டுமானம் என்றால் ஒன்றியத்தின் அரசிதழில் விளம்பரம் கட்டாயம். திறந்த டெண்டரில் 35 நாள் அவகாசம், மின்னணு வழியில் 30. பிசகு பிடிபட்டால் தண்டனைக்குத் தட்டையான விகிதங்கள் உண்டு: 5, 10, 25, சில வேளை 100 விழுக்காடு. ‘இந்தப் பிராண்டு பம்புதான் வேண்டும்’ என்று ஒருவருக்காகத் தைத்த விவரக்குறிப்பு, முன்னனுபவத்தில் தேவையில்லாத நிபந்தனை, ஒப்பந்தம் போட்டபின் டெண்டர் இல்லாமல் கூடுதல் வேலை என்று மாட்டும் இடங்கள் பல. நம் உதாரணத்தில் 25 விழுக்காடு வெட்டினால் 21 லட்சத்துக்கு மேல் போச்சு, அதற்குள் நிலையம் கட்டி முடித்திருப்பார்கள். அந்த ஓட்டை நகராட்சி பட்ஜெட்டில் விழும்.

இதற்கு மேல் ஒரு கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கும். ஓர் ஆண்டுக்கு ஒதுக்கிய பணத்தை அடுத்த இரண்டு அல்லது மூன்று ஆண்டுக்குள் செலவழித்து பில் காட்டாவிட்டால் அது காலாவதி. ருமேனியா 2007-13 கட்டில் 2012 இறுதிவரை பெற்றது கிட்டத்தட்ட பத்தில் ஒரு பங்குதான். அங்கே திட்டத்துக்கான யோசனைக்குப் பஞ்சம் இல்லை. விவரக்குறிப்பு எழுதத் தெரிந்த பொறியாளர், ஆடிட் கேள்விக்குப் பதில் சொல்லத் தெரிந்த கணக்கர், தேர்தல் முடிந்தாலும் அதே நாற்காலியில் இருக்கும் அதிகாரி ஆகிய மூவருக்குத்தான் பஞ்சம். போலந்து இந்த இடத்தில் முந்தியதற்குக் காரணம் பிரஸ்ஸல்ஸில் இல்லை. 1990இலேயே உள்ளாட்சிச் சட்டம் கொண்டுவந்து தேர்தல் நடத்தினார்கள், 1999இல் 16 பெரும் மாகாணங்களாக நாட்டைத் திருத்தினார்கள். 2004இல் பணம் வந்தபோது கிட்டத்தட்ட 2,500 உள்ளாட்சிகளுக்குச் சொந்த பட்ஜெட் எழுதி 14 ஆண்டுப் பழக்கம் இருந்தது.

பல்கேரியாவின் கதை இன்னும் சுவாரசியமானது, ஏனென்றால் நிறுவனத் தரம் என்பதை ஒற்றை எண்ணாகப் பார்ப்பவர்களை அது குழப்பிவிடும். 1997 தொடக்கத்தில் உயர் பணவீக்கத்தில் சிக்கிய அந்த நாடு, அதே ஆண்டு ஜூலையில் தன் லெவ் நாணயத்தை ஜெர்மன் மார்க்குடன் இறுக்கிக் கட்டியது. பிறகு யூரோவுக்கு 1.95583 லெவ் என்ற அதே விகிதம் 2026 ஜனவரியில் யூரோவுக்கு மாறும்வரை அசையவில்லை. அரசுக் கடனும் ஒன்றியத்தில் மிகக் குறைந்தவற்றில் ஒன்று. பணத்தைக் காக்கும் அமைப்பு பிரமாதம். நீதிமன்றமும் டெண்டரும் வேறு கதை. சேர்ந்து ஒன்றரை ஆண்டுக்குள், 2008இல், முறைகேடு காரணமாக ஒன்றியம் நிதியை முடக்கியது, இரண்டு பட்டுவாடா முகமைகளின் அங்கீகாரத்தைப் பறித்தது, நவம்பரில் 22 கோடி யூரோ நிரந்தரமாகப் போனது. தலைமை அரசு வழக்கறிஞர் மீதே புகார் வந்தால் சுதந்திரமாக விசாரிக்க வழி இல்லை என்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2009இல் சொன்னது. அதைச் சரிசெய்யும் முயற்சி பல ஆண்டு இழுத்தது.

சேர்ந்த பிறகும் நீதித்துறை, ஊழல் விஷயத்தில் பல்கேரியாவை ஒன்றியம் தனிக் கண்காணிப்பில் வைத்தது. ஒரே நாளில் சேர்ந்த ருமேனியாவும் அதே கண்காணிப்பில்தான் இருந்தது. இரண்டுக்கும் கண்காணிப்பு முறைப்படி முடிந்தது 2023 செப்டம்பரில்தான். ஆனால் புக்கரெஸ்டில் ஊழல் தடுப்பு வழக்கறிஞர் அலுவலகத்துக்குப் பல் இருந்தது. முன்னாள் பிரதமர் ஒருவரே 2012இல் சிறைக்குப் போனார். 2013 முதல் 2018 வரை அந்த அலுவலகத்தை நடத்திய லாரா கொவேசியை அரசு பதவி நீக்கியது. அவரே பிறகு ஐரோப்பிய வழக்கறிஞர் அலுவலகத்தின் முதல் தலைவர் ஆனார். அதற்காக ருமேனியாவின் வேகத்தை முழுவதும் நீதித்துறையின் கணக்கில் வரவு வைக்க மாட்டேன். ரெனோ 1999இல் வாங்கிய டாச்சியா ஆலையும், மென்பொருள் வேலையும், கடன் வாங்கிச் செலவழித்த அரசும் சேர்ந்துதான் அந்த எண்ணை ஏற்றின. 2024இல் பட்ஜெட் பற்றாக்குறை உற்பத்தியில் 9 விழுக்காட்டைத் தாண்டியது. அந்த 80இல் ஒரு பங்கு இரவல்.

இரவல் என்றால் கிரீஸ். 1981இலேயே உள்ளே வந்து, பல கட்டு நிதி வாங்கி, 2001இல் யூரோவையும் பெற்றது. ஜெர்மனிக்குக் கிடைக்கும் வட்டிக்கு அருகே கடன் கிடைத்தது. ஆனால் நிலப் பதிவேடு முடியவில்லை. 1990களின் நடுவில் தொடங்கிய அந்த வேலை முப்பது ஆண்டாக இழுத்தது. யாருடைய நிலம் என்று தெரியாத இடத்தில் ஆலை எழும்பாது. மலிவான கடன் சம்பளத்துக்கும் நுகர்வுக்கும் போகும். புள்ளிவிவர அலுவலகமும் நம்பகமாக இல்லை. 2009க்கான பற்றாக்குறை 3.7 விழுக்காடு என்றார்கள், அக்டோபரில் 12.5 என்றார்கள், கடைசியில் 15.4 என்று முடிந்தது. கையில் சொந்த நாணயமும் இல்லை. அதே சமயத்து உலக நிதி நெருக்கடியில் போலந்தின் ஸ்வாட்டி நாணயம் யூரோவுக்கு எதிரே மூன்றில் ஒரு பங்கு மதிப்பிழந்து ஏற்றுமதியைத் தாங்கிப் பிடித்தது. 2009இல் ஒன்றியத்தில் வளர்ந்த ஒரே நாடு போலந்து. ஒருங்கிணைப்பு கூடக் கூட நல்லது என்று நினைப்பவர்கள் இந்த இரண்டு வரியைத் திரும்பப் படிக்கலாம். எந்த அளவு இணைவதைத் தன் அமைப்புகள் தாங்கும் என்பதும் ஒரு கேள்வி.

தலா கணக்கின் கீழ்ப்பாதியையும் பார்க்காமல் விட முடியாது. 1989இல் 90 லட்சத்தை ஒட்டி இருந்த பல்கேரியாவின் மக்கள் தொகை 2021 கணக்கெடுப்பில் 65 லட்சம். பிறப்புக் குறைவு பாதி, புறப்பட்டுப் போனவர்கள் பாதி என்று வைத்தாலும், வகுக்கும் எண் சுருங்கினால் ஈவு பெருகும். இளைஞர்கள் எந்த மாவட்டத்திலிருந்து கிளம்பினார்கள் என்பதை அந்தச் சராசரி சொல்லாது. புக்கரெஸ்ட் ஒன்றிய சராசரியைத் தாண்டிவிட்டது, அதே நாட்டின் வடகிழக்கு பாதியளவிலேயே நிற்கிறது.

மிச்சம் ஒரு சிக்கல். வாசலில் நிற்கும்வரை விண்ணப்ப நாடு எதற்கும் தலையாட்டும். உள்ளே வந்தபின் ஒன்றியத்தின் பிடி தளரும். போலந்திலேயே நீதிபதிகள் மீதான ஒழுங்கு நடவடிக்கை விவகாரத்தில் 2021 அக்டோபரில் நாளொன்றுக்கு 10 லட்சம் யூரோ அபராதம் விழுந்தது. ஆட்சி மாறிய பிறகு 2024 பிப்ரவரியில்தான் 13,700 கோடி யூரோவரையிலான நிதிக்கு வழி திறந்தது. ஹங்கேரிக்கு 2022 டிசம்பரில் 630 கோடி யூரோவை நிறுத்திவைத்தார்கள். நகராட்சிகளைப் பயமுறுத்தும் அதே இரண்டாண்டுக் கடிகாரம் அங்கேயும் ஓடி, 2024 முடிவில் 104 கோடி காலாவதியானது.

இந்தப் பாடத்தைப் பார்த்து 2020இல் சேர்க்கை முறையை மாற்றினார்கள். பேச்சுவார்த்தையின் அத்தியாயங்களை ஆறு தொகுதிகளாகக் கட்டி, நீதித்துறை, ஊழல் தடுப்பு, டெண்டர், புள்ளிவிவரம் அடங்கிய அடிப்படைத் தொகுதியை முதலில் திறந்து கடைசியில் மூட வேண்டும் என்று வைத்தார்கள். கட்டாயம் நல்லதுதான், ஆனால் வாசல் நெடுநாள் திறக்காவிட்டால் அதுவும் வேலை செய்யாது. 2012இல் பேச்சைத் தொடங்கிய மொண்டிநீக்ரோ இன்னும் வெளியே இருக்கிறது.

உக்ரைன் 2022 ஜூனில் வேட்பாளர் தகுதி பெற்றது, 2024 ஜூனில் பேச்சு தொடங்கியது. சுதந்திர வர்த்தக ஒப்பந்தம் 2016 ஜனவரியிலிருந்தே நடப்பில் இருக்கிறது. அரசுக் கொள்முதலை ‘புரோசோரோ’ என்ற திறந்த மின்னணு முறைக்கு அதே ஆண்டு மாற்றியும்விட்டார்கள். அது சில உறுப்பு நாடுகளுடையதைவிட வெளிப்படையானது என்பது என் அபிப்பிராயம். பால் மட்டும் பழைய இடத்தில் நிற்கிறது. பெரிய பண்ணைகளின் பால் எல்லை தாண்டுகிறது. வீட்டுக்கு ஒன்றிரண்டு மாடு வைத்துக் கறப்பவர்களின் பாலுக்கு பல்க் கூலர் வாங்க மானியம் தந்துவிடலாம். கிராமத்துக்குக் கிராமம் போய் மாதிரி எடுக்கும் ஆள் யார், அவருக்குச் சம்பளம் ஆலை கொடுக்கிறதா வேறு யாராவது கொடுக்கிறார்களா என்பதைத்தான் ஆய்வாளர்கள் முதலில் கேட்பார்கள்.